‘அண்ணா’ என்றவன் ‘சார்’ என்ற நாள்: குடியாத்தம் வட்டத்து வழிகாட்டி இணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

வேலூரிலிருந்து இயங்கும் எங்கள் சிறிய தொண்டு நிறுவனம் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தை ஒருவருக்கு, உறவினரும் அல்லாத ஆசிரியரும் அல்லாத ஒரு பெரியவரை ஓராண்டுக் காலம் துணையாக இணைத்து வைக்கிறோம். அவர் மாதம் இருமுறை, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்து, இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தையோடு இருக்க வேண்டும். பாடம் சொல்லித் தருவது அவர் விருப்பம், வருவது கட்டாயம். பெரியவரை ‘வழிகாட்டி’ என்றும், இருவரையும் சேர்த்து ‘இணை’ என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். இணைகளைத் தேர்ந்து, பயிற்சி தந்து, மாதந்தோறும் விசாரித்து வரும் ஒருங்கிணைப்பாளர் நான்.

இங்கே பதிவு செய்வது அப்படிப்பட்ட ஓர் இணையின் பதினான்கு மாத வரலாறு. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை. ஆயினும் ஒரு குழந்தை சில மாதங்கள் தூக்கம் கெட்டு உழைக்க நேர்ந்தது. அதற்கு வழிவகுத்ததில் எங்கள் பங்கு பெரிது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆகவே ஊர், பள்ளி, ஆட்கள் எவரின் பெயரும் இங்கே இல்லை. தாயும் வழிகாட்டியும் இந்தப் பதிவைப் படித்து இசைவு தந்தார்கள். சிறுவனுக்கு நானே வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

பின்னணி

சிறுவன் அப்போது ஏழாம் வகுப்பு, வயது பன்னிரண்டு. குடியாத்தம் வட்டத்தில் ஒரு கிராமம். தீப்பெட்டி, கைத்தறி லுங்கி, பீடி ஆகிய மூன்றும் தலைமுறைகளாகச் சோறு போடும் பகுதி அது. தந்தை பெங்களூருக்கு வேலைக்குப் போய் நான்கு ஆண்டுகளாகத் திரும்பவில்லை. தாய் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். காலை ஆறரை மணிக்குக் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். அவர் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேல் ஆகும். பகலில் வீட்டைப் பார்த்துக்கொள்வது தாயின் தாய், சிறுவன் சொல்வதுபோல் ‘ஆயா’. அவர் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்.

பீடி வேலையின் முறையைச் சொல்லாமல் பின்னால் நடந்தது விளங்காது. ஏஜெண்டு இலையும் தூளும் நூலும் எடை போட்டுக் கொடுப்பார். இலையை இரவில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, மறுநாள் தகட்டளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்ட வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. இலை பற்றாமல் போனால் கைக்காசு போட்டு வாங்கிக் கணக்கை நிரப்ப வேண்டும். சரக்குக் கணக்கை எழுதும் பாஸ் புக் உள்ளவர்களுக்கு வருங்கால வைப்புநிதி (பி.எஃப்.) உண்டு. ஆயாவிடம் பாஸ் புக் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரில் சரக்கு எடுத்து, சுற்றிய பீடியையும் அவர் பெயரிலேயே போட்டு வந்தார். அதனால் அரசுப் பதிவுகளைப் பொறுத்தவரை அவர் பீடித் தொழிலாளியே அல்ல. ஏஜெண்டிடம் எட்டாயிரம் ரூபாய் முன்பணமும் வாங்கியிருந்தார். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

வழிகாட்டிக்கு வயது முப்பத்தொன்று. காட்பாடியில் குடியிருப்பவர், தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று, இருவரின் பரிந்துரை, நேர்காணல், அரை நாள் பயிற்சி எல்லாம் முறையாக முடிந்தன. நேர்காணலில் அவர் சொன்ன ஒன்றை நான் குறித்து வைத்திருந்தேன்: தன் தாயும் பீடி சுற்றித்தான் தன்னைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்தார் என்றார். அந்தப் பகுதிச் சிறுவனுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் அமையமாட்டார் என்று எண்ணினேன். பொருத்தமானவர்தான், இன்றும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனால் தன் சொந்தக் குழந்தைப் பருவத்தையே எதிரில் காணும் ஒருவரின் கை எவ்வளவு விரைவாகச் சட்டைப்பைக்குப் போகும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

ஜூலை முதல் அக்டோபர் வரை

சந்திப்பு ஊர்ப்புற நூலகத்தில், மாதத்தின் முதல் சனியும் மூன்றாம் சனியும், காலை பத்து மணிக்கு என்று முடிவாயிற்று. வீட்டுக்குள் தனியாகச் சந்திக்கக் கூடாது, தொலைவு அழைத்துப்போகக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது, இருநூறு ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது என்பவை எங்கள் விதிகள். அவற்றை அச்சிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தோம்.

முதல் இரண்டு சந்திப்புகளில் சிறுவன் கேட்டதற்கு மட்டும் தலையசைத்தான். மூன்றாவதில் இருவரும் கணக்கு விளையாட்டு ஒன்றில் இறங்கினார்கள். வழிகாட்டி எழுதி அனுப்பிய குறிப்பு இது: “கணக்கில் கெட்டிக்காரன். இருபத்தைந்தாம் வாய்ப்பாட்டை நாற்பது வரை மூச்சு விடாமல் சொல்கிறான். ஆயிரத்திலிருந்து தலைகீழாகவும் வருகிறான். எனக்கே வேகம் பற்றவில்லை.” நான் மகிழ்ந்து, அதை எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன். அறையில் இருந்த எல்லோரும் வடாற்காட்டுக்காரர்கள், பாதிப் பேர் பீடி சுற்றும் தெருக்களில் வளர்ந்தவர்கள். ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இருபத்தைந்தும் நாற்பதும் ஆயிரமும் ஏன் இப்படித் தண்ணீர் பட்ட பாடாக இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அதற்குள் ‘அண்ணா’ என்ற அழைப்பு உறுதிப்பட்டிருந்தது. வழிகாட்டி வருவதற்கு முன்பே நூலகத் திண்ணையில் காத்திருப்பான் என்று நூலகர் சொன்னார். ஆயா வழிகாட்டியை ‘தம்பி’ என்று அழைத்து, மோர் கொடுத்து அனுப்புவார். எங்கள் பதிவேட்டில் இந்த இணைக்கு நேரே ‘நன்று’ என்று நான் எழுதிய மாதங்கள் இவை.

நவம்பர்: பணம் கைமாறியது

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிறுவன் சந்திப்புக்கு வரவில்லை. வழிகாட்டி வீட்டுவாசல் வரை போய் விசாரித்தார். சிறுவன் முறத்தை மடியில் வைத்து முனை மடித்துக்கொண்டிருந்தான். வலக்கை ஆள்காட்டி விரலின் நகக்கண் கறுத்திருந்தது. ஏஜெண்டு முன்பணத்தைக் கேட்டு நெருக்குவதாகவும், வாரக் கூலியில் பிடித்தம் செய்வதாகவும், கூடுதல் சரக்குப் போட்டால்தான் பண்டிகைக்கு ஏதாவது கையில் நிற்கும் என்றும் ஆயா சொன்னார்.

வழிகாட்டி குடியாத்தத்துக்குத் திரும்பி, ஏடிஎம்மில் எட்டாயிரம் ரூபாய் எடுத்து, அன்று மாலையே கொண்டுவந்து ஆயாவின் கையில் கொடுத்தார். “திருப்பித் தர வேண்டாம்மா, பையன் உக்காந்து படிக்கட்டும்” என்று சொன்னதாக அவரும் ஆயாவும் பின்னால் தனித்தனியே என்னிடம் ஒரே மாதிரி கூறினார்கள். சிறுவன் அங்கேதான் இருந்தான். தாய் வீட்டில் இல்லை.

அவர் இதை எங்களிடம் சொல்லவில்லை. விதி அவருக்குத் தெரியும். விதி எதற்காக இருக்கிறது என்பது தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி என்று அவர் நினைத்திருந்தார். அப்படியானால் தன் சொந்தப் பணத்தை, தன் பொறுப்பில், யாருக்கும் தெரியாமல் கொடுப்பதில் எவருக்கும் கேடில்லை என்பது அவர் கண்ட நியாயம்.

டிசம்பர், ஜனவரி: கண்ணில் பட்டவை

அரையாண்டுத் தேர்வில் சிறுவனின் மதிப்பெண் குறைந்தது. வகுப்பில் தூங்கி விழுவதாக ஆசிரியர் சொன்னார். டிசம்பரில் இரண்டு சந்திப்புகளில் ஒன்றுக்கு வரவில்லை. ஜனவரியில் பொங்கலைக் காரணம் சொல்லி இரண்டுக்கும் வரவில்லை. இவை எல்லா இணையிலும் எப்போதாவது நேர்பவைதாம். என்னை நிறுத்தியவை வேறு இரண்டு.

ஒன்று, நூலகர் தொலைபேசியில் சொன்னது. டிசம்பர் சந்திப்பு முடிந்து வழிகாட்டி உள்ளே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, சிறுவன் வெளியே வந்து தன் தோளில் கிடந்த துண்டை நனைத்து, அவருடைய பைக்கின் சக்கர மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதற்குத் துடைக்கிறாய் என்று நூலகர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

இன்னொன்று, வழிகாட்டியின் குறிப்பில் இருந்த ஒரு வரி. அவர் அதைக் குறையாக எழுதவில்லை, ஆறு வரிகளுக்கு நடுவே போகிற போக்கில் எழுதியிருந்தார்: “இப்போதெல்லாம் என்னை சார் என்கிறான். மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறான் போல.” நம் ஊரில் ‘சார்’ ஆக இருந்தவர் பழகப் பழக ‘அண்ணா’ ஆவார். ‘அண்ணா’ ஆனவர் மறுபடி ‘சார்’ ஆகிறார் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. இந்த முறை அதைக் கடந்து போக என்னால் முடியவில்லை. வழிகாட்டியைக் கேட்பதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி: வீட்டுக்குச் சென்றபோது

பள்ளி நேரத்தில் போனேன். ஆயா மட்டும் இருந்தார். முதலில் என்னை உட்காரச் சொல்லவே தயங்கினார். பணம் கொடுத்த இடத்திலிருந்து வசூலுக்கு ஆள் வந்திருப்பதாக நினைத்துவிட்டார் என்பது பிறகு புரிந்தது. தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“சார் நல்லா கீறாரும்மா. துட்டு குடுத்தவரு, அவராண்ட போய் பையன் சரிக்குச் சரி உக்காந்து பேசலாமா? மரியாதியா இருடான்னு நாந்தான் சொல்லி வெச்சேன்” என்றார். தொடர்ந்து, “சொம்மா வாங்கிகினு கம்முனு இருக்க எங்களுக்கு மனசு வரலம்மா. மாசம் ஐநூறு எடுத்து வெக்கிறேன்” என்று சொல்லி, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே மூன்று ஐநூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன.

அந்த ஐநூறு எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஏஜெண்டின் பிடித்தம் நின்றது. அதன் இடத்தில் மஞ்சள் பை வந்தது. பிடித்தம் ஏஜெண்டிடம் இருந்தவரை ஆயா முடிந்ததைச் சுற்றினார், சிறுவன் பண்டிகை நெருக்கடியில் மட்டும் கூட உட்கார்ந்தான். மஞ்சள் பை வந்த பிறகு, இரவு உணவுக்குப் பின் பத்தரை, பதினோரு மணி வரை அவன் முனை மடித்தான். கடன் தன்னால், தன் படிப்பின் பெயரால் வந்தது என்று அவன் புரிந்துவைத்திருந்தான். அவனை முறத்திலிருந்து எழுப்புவதற்காகக் கொடுத்த பணமே அவனை அதன் முன் அதிக நேரம் உட்கார வைத்தது.

அன்று மாலை வழிகாட்டியைப் பழைய பேருந்து நிலையம் அருகே சந்தித்தேன். மறுக்கவில்லை. மஞ்சள் பையைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. “எங்க அம்மாவும் இப்டித்தான் மேடம். யாராவது குடுத்தா, திருப்பிக் குடுக்கற வரைக்கும் தூங்க மாட்டாங்க. நான் எப்படி மறந்தேன்?” என்றார். நான் கண்டிக்கத் தயாராகப் போயிருந்தேன். கண்டிக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நிர்வாகக் குழு இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை கூடியது. விதியை மீறியவரை நீக்குவதுதான் முறை என்று இருவர் கூறினர். விதியை நோக்க அது சரி. சிறுவனை நோக்கச் சரியில்லை என்பது என் வாதம். இத்தகைய பணியின் முன்னோடி 1904-இல் நியூயார்க்கில் எர்னஸ்ட் கூல்ட்டர் என்ற நீதிமன்ற எழுத்தர் தொடங்கி வைத்த இயக்கம். பின்னாளில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த அமைப்பின் இணைகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் பயிற்சிக் கோப்பிலேயே இருக்கிறது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த இணைகளில் குழந்தைகளுக்கு நன்மை மிகுதி என்றும், மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் குழந்தைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது என்றும் அது கண்டது. எங்கள் இணை எட்டாவது மாதத்தில் இருந்தது. தந்தை சொல்லாமல் போன ஒரு வீட்டில், பணம் கொடுத்த மறுகாலாண்டில் அண்ணனும் மறைந்தால், கடனைத் தீர்க்காததால் போய்விட்டார் என்றே அந்தச் சிறுவன் எண்ணுவான். வழிகாட்டி தொடர்வது, ஆனால் ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் என்னோடு பேசுவது என்று முடிவாயிற்று.

கடனை நிறுவனம் ஏற்றுக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. அதை விலக்கினோம். கடன்காரர் மாறுவாரே ஒழிய, ஆயாவின் கணக்கில் கடன் மாறாது.

மிகக் கடினமாக இருந்தது சிறுவனின் உழைப்பை யாரிடம், எப்படிச் சொல்வது என்பது. பீடி சுற்றுதல் 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்த தொழில். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அது தரும் விலக்கும் ஆபத்தான தொழில்களுக்குச் செல்லாது. ஆயாவைச் சிக்கலில் மாட்டிவிடுவோமோ என்று குழுவில் எல்லோருக்கும் அச்சம் இருந்தது. முதல் முறைக்குப் பெற்றோரையோ பாதுகாவலரையோ தண்டிப்பதில்லை என்று அதே திருத்தம் சொல்வதை வழக்கறிஞர் ஒருவர் எடுத்துக்காட்டினார். அந்த அச்சத்தை விடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது: அந்த வீட்டுக்கு நிலையான வருமானம் வேண்டும், அதைத் தரும் வழி எங்களிடம் இல்லை, அரசிடம் இருக்கிறது.

ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்றொரு பிரிவு உண்டு. கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாயின் குழந்தை, பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தை முதலியோருக்கு, குடும்பத்தை விட்டுப் பிரிக்காமல், மாதம் 4,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு. குடும்ப ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது. இந்தச் சிறுவன் தொடக்கத்திலிருந்தே அதற்கு விண்ணப்பிக்கத்தக்கவன். இணை தொடங்கிய ஜூலையிலேயே நாங்கள் விண்ணப்பித்திருந்தால் நவம்பரில் எவரும் ஏடிஎம்முக்கு ஓடியிருக்க வேண்டியதில்லை. குழந்தையின் நட்பு எங்கள் வேலை, குடும்பத்தின் வறுமை எங்கள் வேலையல்ல என்று ஒரு கோட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, அதைக் கட்டுப்பாடு என்று பெருமையாகவும் பேசி வந்திருந்தோம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பிப்பது, அதில் சிறுவன் இரவில் செய்யும் வேலையை மறைக்காமல் எழுதுவது, எழுதப்போவதை முன்னதாகவே தாயிடமும் ஆயாவிடமும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம்.

தாயைச் சந்தித்தது

எட்டு மாதங்களில் தாயை நான் பார்த்தது ஒரே முறை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியபோது மட்டும். எங்கள் வீட்டு விசாரிப்புகள் எல்லாம் வார நாட்களில், அலுவலக நேரத்தில். அவர் எப்போதும் கம்பெனியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டியும் நானும் சேர்ந்து போனோம். பணம் வாங்கியது அவருக்கு அன்றுவரை தெரியாது.

அவர் ஆயாவிடம் கோபிக்கவில்லை, எங்களிடம்தான் கோபித்தார். “என் புள்ள. எங்கம்மா வாங்கின அட்வான்ஸு. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா சார்? நான் செத்தா போய்ட்டேன்?” என்றார். வழிகாட்டி தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. சிறுவன் கதவோரத்தில் நின்றிருந்தான்.

கடனைத் தள்ளிவிட்டதாக வழிகாட்டி மீண்டும் சொல்லிப் பார்த்தார். தாயும் ஏற்கவில்லை, ஆயாவும் ஏற்கவில்லை. வற்புறுத்துவது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று பட்டதால் நான் இடைமறித்தேன். கடைசியில் தாயே ஒரு வழி சொன்னார். கடன் பெரியவர்களுக்குள் இருக்கட்டும். தன் சம்பளத்திலிருந்து முடிந்தபோது முடிந்ததை என் வழியாகக் கொடுத்து அடைப்பார். கணக்கு என்னிடமும் தன்னிடமும் மட்டும் இருக்கட்டும். பையன் இனி இதற்காக ஒரு பீடியும் தொடக் கூடாது. மகனை அருகே அழைத்து, அவன் எதிரிலேயே மஞ்சள் பையை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். “இது அம்மாவோட கடன். உன்னுது இல்ல. தெரிதா?” என்றார். அவன் தலையசைத்தான்.

அதற்குப் பின் நடந்தவை

சான்றுகளுக்கு அலைந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றுக்கும் விண்ணப்பித்தோம். இரண்டாவதற்குத் தாய் எளிதில் உடன்படவில்லை. கணவர் ஒருநாள் வருவார் என்ற நம்பிக்கையை எழுத்தில் முடித்து வைப்பதாக அது அவருக்குத் தோன்றியது. மூன்று வாரம் காத்திருந்தோம்; அவராகவே ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, போடலாம் என்றார். பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டு விசாரணைக்கு வந்தவர்கள் ஆயாவை மிரட்டவில்லை. சிறுவனின் விரல்களைப் பார்த்துவிட்டு, புகையிலைத் தூள் குழந்தைகளின் மூச்சுக்கும் தோலுக்கும் செய்வதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவின் முடிவு வர மாதங்கள் ஆயின. ஒப்புதல் கிடைத்து, சிறுவனும் தாயும் சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கில் முதல் தொகை விழுந்தபோது அவன் எட்டாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்த இடைவெளியில் இணை ஏறக்குறைய அறுந்தே போயிற்று. மார்ச்சில் இரண்டு சனிக்கிழமைகளும் சிறுவன் நூலகத்துக்கு வரவில்லை. வழிகாட்டி இரண்டு நாளும் வந்து, பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போனார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். வந்தால் வரட்டும், ஆனால் நாம் வந்தது அவன் காதுக்கு எட்ட வேண்டும் என்பது கணக்கு. ஏப்ரல் முதல் சனியன்று பதினொன்றே காலுக்கு வந்தான். அன்றைய குறிப்பு சுருக்கமானது: “வந்தான். சதுரங்கம் ஆடினோம். என்னை எப்படியும் கூப்பிடவில்லை.”

‘சார்’ நின்றது, ‘அண்ணா’ திரும்பவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் எந்த விளியும் இல்லாமல், “இங்க பாருங்க”, “இது உங்க ஆட்டம்” என்றே பேசி வந்தான். வழிகாட்டி இதனால் வருந்தினார். அழைப்பைக் கேட்டு வாங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மே மாதம், வைகாசி முதல் நாள், குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சுற்றுவட்டாரமே அன்று கவுண்டன்ய ஆற்றங்கரையில் திரளும். தாய்க்குக் கம்பெனியில் விடுமுறை. அவரே வழிகாட்டியைக் குடும்பத்தோடு அழைத்தார். வழிகாட்டி மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். நெரிசலில் சிறுவன் முன்னால் போய்விட்டு, இவர்களைக் காணாமல் திரும்பி, கூட்டத்தின் மேலாக உரக்கக் கத்தினான் என்று அவர் எழுதியிருந்தார். என்னவென்று கத்தினான் என்பதை எழுதவில்லை. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். “அண்ணான்னுதான் மேடம்” என்றார்.

ஓராண்டு நிறைந்ததும் இருவரும் தொடர விரும்பினார்கள். ஆனால் ஆகஸ்டில் வழிகாட்டிக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. செய்தி தெரிந்த அன்றே என்னிடமும், அடுத்த சந்திப்பில் சிறுவனிடமும் சொன்னார். மூன்று சந்திப்புகளை விடைபெறுவதற்கென்றே ஒதுக்கினோம். எத்தனை நாள் இருக்கிறது என்பதைச் சிறுவன் நூலகத்து நாட்காட்டியில் தானே குறித்துக்கொண்டான். கடைசிச் சந்திப்பில் தாயும் ஆயாவும் வந்திருந்தார்கள். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவது என்று ஏற்பாடு. தாயின் அலைபேசியில், தாய் வீட்டில் இருக்கும் நேரத்தில்.

வகுப்பில் தூங்குவது நின்றது என்று ஆசிரியர் சொல்கிறார். மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பெரிதாக அல்ல. பீடி வேலை முழுவதும் நின்றுவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. கோடை விடுமுறையில் ஆயாவுக்கு முதுகு வலித்த சில நாட்கள் நூல் கட்டிக் கொடுத்ததாக அவனே சொன்னான். சொன்னானே என்பதை நான் முதலில் மதிக்கிறேன். நிற்கவில்லை என்பதையும் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவித்தேன்.

எங்கள் நடைமுறையில் மாற்றியவை

பணம் கொடுக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது; பயிற்சியில் அதைச் சொல்லும் விதம் மாறிவிட்டது. இந்தச் சிறுவனின் கதையைப் பெயரின்றிச் சொல்லி, மஞ்சள் பை யார் கையில் எப்படி நிறைந்தது என்பதைப் பங்கேற்பவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கச் செய்கிறோம். பணம் கொடுக்கத் தோன்றும் நேரம் எல்லோருக்கும் வரும். அப்போது எந்த இரவானாலும் என்னைக் கூப்பிடுங்கள், கண்டிக்க மாட்டேன் என்று சொல்லி எண்ணைத் தருகிறேன். இதுவரை நால்வர் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இணை தொடங்குவதற்கு முன்பே குடும்பத்துக்கு உரிய அரசு உதவிகள் எவை, எவை கிடைக்கவில்லை என்று பார்த்து, விண்ணப்பம் போடும் வேலையைத் தனியே ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஒப்புதல் தரும் பெற்றோரை மாதம் ஒருமுறையாவது நேரில் பார்ப்பது கட்டாயம். அதற்காக என் வார விடுமுறை ஞாயிறிலிருந்து திங்களுக்கு மாறியிருக்கிறது. வழிகாட்டிகளின் மாதக் குறிப்பில் இரண்டு கேள்விகள் கூடியுள்ளன. குழந்தை இந்த மாதம் உங்களை எப்படி அழைத்தது? குழந்தைக்கு வயதுக்கு மீறி ஏதாவது நன்றாகத் தெரிந்திருக்கிறதா, அதை எங்கே கற்றுக்கொண்டது? இரண்டாவது கேள்வியின் வழியாகப் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சிறுமியின் நிலையைச் சென்ற பருவத்திலேயே அறிய முடிந்தது; அது வேறொரு பதிவுக்கு உரியது.

தீராதது ஒன்று இருக்கிறது. ஆயாவுக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை. அவர் நாற்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறார் என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை; பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாஸ் புக்கில் இருக்கும் கணக்கில் எத்தனை ஆயிரம் பீடி இவருடையது என்பது அந்த இரு பெண்களுக்கு மட்டுமே தெரியும். ஏஜெண்டிடம் இருமுறை பேசினோம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். வரும் வியாழக்கிழமை மூன்றாம் முறையாகப் போகிறோம். இந்த முறை தாயும் அரை நாள் விடுப்பு எடுத்து உடன் வருகிறார்.